அடிலெய்டு – பெர்த் காரில்: பார்க்க ஒன்றுமே இல்லையா?

2024 பிப்ரவரி 3

பர்கூர் தம்பி ஒருவர் கேட்டிருப்பது: "அடிலெய்டில் வேலை பார்க்கிறேன். ஜூலையில் அப்பாவும் அம்மாவும் ஊரிலிருந்து வருகிறார்கள். அவர்களைக் கூட்டிக்கொண்டு பெர்த் வரை காரிலேயே போக ஆசை. கூட வேலை செய்பவர்கள் சிரிக்கிறார்கள். 2,700 கிலோமீட்டர், வழியில் பார்க்க ஒன்றுமே கிடையாது, பிளைட்டில் மூன்று மணி நேரச் சொச்சம், உனக்கு எதற்கு இந்த வேலை என்கிறார்கள். வயதானவர்களுக்குத் தாங்குமா? இங்கே யாராவது போயிருக்கிறீர்களா?"

பிப்ரவரி 3, இரவு

போயிருக்கிறேன். போன ஆகஸ்டில் மகளும் மாப்பிள்ளையும் கூட்டிப்போனார்கள். நானும் மாற்றி மாற்றி ஓட்டினேன். எனக்கு கிருஷ்ணகிரியில் லாரித் தொழில். குவாரியில் கிரானைட் பிளாக் ஏற்றி சென்னை ஹார்பருக்கு விடுவது. அதற்கு முன்னால் நானே ஸ்டியரிங் பிடித்தவன். ஆகவே நான் சொல்வதெல்லாம் லாரிக்காரன் கண்ணில் பட்டது. டூரிஸ்ட் கணக்கு வேண்டுமென்றால் வேறு ஆளைக் கேளுங்கள்.

தாங்கும். முட்டி வலிக்காரியான என் வீட்டுக்காரம்மாவே தாங்கினார். ஒரே நாளில் ஆயிரம் கிலோமீட்டர் என்று திமிராகக் கிளம்பாதீர்கள், நானூறு ஐந்நூறு போதும். ஜூலை, ஆகஸ்ட் நல்ல காலம். அங்கே அப்போது குளிர்காலம், காருக்குள் வேகாது.

பிப்ரவரி 4

பார்க்க ஒன்றுமில்லை என்கிற விஷயத்துக்கு வருகிறேன், நேற்று தூக்கம் வந்துவிட்டது.

போர்ட் அகஸ்டா தாண்டினால் அயர் நெடுஞ்சாலை. அங்கிருந்து நார்ஸ்மன் வரை 1,660 கிலோமீட்டர், ஒரே ரோடு. 1841இல் எட்வர்டு ஜான் அயர் என்ற வெள்ளைக்காரர் வைலி என்ற பழங்குடி இளைஞரோடு இந்தப் பக்கத்தைக் கடந்தாராம். ரோட்டுக்கு அவர் பேர்தான். முழுக்கத் தார் போட்டது 1976இல்தான். முதல் நாள் கோதுமை வயல், கிம்பா என்ற ஊரில் "ஆஸ்திரேலியாவின் பாதி தூரம்" என்று ஒரு போர்டு, எட்டு மீட்டர் உயரத்துக்கு ஒரு கிளி பொம்மை. போட்டோ எடுத்தோம். அப்புறம் வுடின்னா என்ற ஊரில் கிரானைட்டிலேயே செதுக்கின பெரிய விவசாயி சிலை. ஆளும் இல்லை அரவமும் இல்லை, சிலை மட்டும் நிற்கிறது. கல்லைத் தட்டிப் பார்த்தேன், நல்ல கல்.

சிடுனா தாண்டியபிறகுதான் உங்கள் நண்பர்கள் சொல்கிற "ஒன்றுமில்லை" ஆரம்பம். மரம் குறைந்து, புதர் குறைந்து, கடைசியில் முழங்கால் உயரச் செடி மட்டும். நல்லர்பார் சமவெளி என்று பேர், இரண்டு லட்சம் சதுர கிலோமீட்டர் சுண்ணாம்புப் பாறை. மேலே ஆறு ஓடை எதுவும் கிடையாது. மழை பெய்தால் அப்படியே உள்ளே இறங்கிவிடும், கீழே எல்லாம் குகை.

பார்க்க ஒன்றுமில்லை என்பது சரிதான். ஆனால் அந்த ஒன்றுமில்லாத ஊரில் எப்படி ஏற்பாடு பண்ணி வைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். அதற்குத்தான் போக வேண்டும்.

பிப்ரவரி 4, மதியம்

"ஏற்பாடு என்றால் என்ன?" என்று கேட்டிருக்கிறார்கள்.

உதாரணத்துக்கு ஒன்று. ரோட்டில் போய்க்கொண்டே இருக்கும்போது திடீரென்று தார் அகலமாகிறது. குறுக்கே வெள்ளைப் பட்டைகள். ஜீப்ரா கிராசிங் மாதிரி இருக்கிறதே, இங்கே யார் குறுக்கே நடக்கப்போகிறார்கள் என்று நினைத்தேன். பக்கத்தில் போர்டு: பறக்கும் மருத்துவர்களின் அவசர ஓடுதளம். யாருக்காவது நெஞ்சு வலி, விபத்து என்றால் ரோட்டை இரண்டு பக்கமும் நிறுத்திவிட்டு அதிலேயே விமானத்தை இறக்குவார்கள். 1928இலிருந்து நடக்கிற சேவை. நம்மூரில் 108க்கு ஜனங்கள் வழி விட வேண்டும், அங்கே வழி விட ஜனங்களே இல்லை. அதற்கு இது.

பிப்ரவரி 6

பாலக்கோட்டிலிருந்து ஒருவர்: "வெளிநாட்டு ரோட்டில் ஓட்டுவது பெரிய விஷயமா அண்ணா? தொப்பூர் கணவாயில் லோடு வண்டி இறக்கியவனுக்கு அதெல்லாம் தூசு."

நானும் அப்படித்தான் மார்தட்டிக்கொண்டு போனேன் தம்பி. தொப்பூரில் எனக்கு ஒரு நாளும் தூக்கம் வந்ததில்லை. எதிரே எவன் நியூட்ரலில் விட்டு டீசல் மிச்சம் பிடிக்கிறானோ, முன்னால் போகிறவனுக்கு பிரேக் சூடேறி எப்போது பிடிக்காமல் போகுமோ என்று முதுகெலும்பு நேராகவே இருக்கும். பயம் கூடவே உட்கார்ந்து பேச்சுக் கொடுக்கும்.

அங்கே அந்தப் பயம் இல்லை. ரோடு நேர். எதிரே வண்டி வந்தால் பத்து நிமிடத்துக்கு ஒன்று. கியர் மாற்ற வேண்டாம், ஹாரன் அடிக்க வேண்டாம், ஸ்டியரிங்கைத் தொட்டுக்கொண்டிருந்தால் போதும். முக்கால் மணி நேரத்தில் கண் சொருகும். சாயங்காலம் மேற்கே போகிறவனுக்கு சூரியன் நேர் கண்ணில். இத்தனை வருஷம் ஓட்டியதில் எனக்கு நிஜமான பயம் வந்தது அங்கேதான், எதிரே ஒருத்தருமில்லாத ரோட்டில்.

மகள் கறாராகச் சொல்லிவிட்டாள், ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை டிரைவர் மாற வேண்டும் என்று. மாப்பிள்ளை கூச்சப்பட்டுக்கொண்டு "மாமா, நான் ஓட்டட்டுங்களா?" என்பார். நான் "இன்னும் கொஞ்ச தூரம் மாப்ளே" என்பேன். பின்னாலிருந்து இரண்டு பெண்களும் கத்துவார்கள்.

பிப்ரவரி 6, இரவு

ஒன்று விட்டுப்போயிற்று. கையசைப்பு. எதிரே வருகிற ஒவ்வொருத்தரும் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்காமல் ஆள்காட்டி விரலை மட்டும் லேசாகத் தூக்குகிறார்கள். கேரவன் இழுத்துக்கொண்டு போகிற ரிட்டயர்டு தாத்தா பாட்டிகள்தான் பாதிப் பேர், எல்லாரும் தூக்குகிறார்கள். இரண்டாம் நாள் நானும் தூக்க ஆரம்பித்தேன். ஊருக்கு வந்து கிருஷ்ணகிரி டோல்கேட்டில் ஒருத்தருக்கு விரலைத் தூக்கினேன். அவர் கண்ணாடியை இறக்கி "என்ன?" என்றார்.

பிப்ரவரி 9

ஓசூர் சார் கேட்ட 90 மைல் நேர் ரோடு பற்றி. கைகுனா – பல்லடோனியா இடையில், 146.6 கிலோமீட்டர் ஒரு வளைவு கிடையாது. கிருஷ்ணகிரியில் பிடித்த ஸ்டியரிங்கை ஏறக்குறைய சங்ககிரி வரை திருப்பாமல் போவதற்குச் சமம்.

உலகத்திலேயே நீளம் என்று எழுதியிருக்கிறீர்கள், இல்லை. சவுதியில் இதைவிட நீளமான நேர் ரோடு உண்டு. ரயிலில்தான் உலகத்திலேயே நீளம், 478 கிலோமீட்டர் நேர்த் தண்டவாளம். அதுவும் அதே சமவெளியில்தான், ஆனால் ரோட்டிலிருந்து வெகு தூரம் வடக்கே. ரோட்டில் போகிறவர் கண்ணுக்குத் தெரியாது. பக்கத்தில் ரயில் ஓடும் என்று அப்பா அம்மாவிடம் சொல்லிக் கூட்டிப்போகாதீர்கள்.

அந்த நேர் ரோட்டில் ஒன்றுமில்லை. ஆரம்பத்தில் போர்டு, முடிவில் போர்டு, நடுவில் தூக்கம். போட்டோ எடுத்துவிட்டு வேகமாகத் தாண்டுங்கள்.

பிப்ரவரி 9, இரவு

மேலே எழுதியதை வீட்டுக்காரம்மா படிக்கச் சொல்லிக் கேட்டார். ஒத்துக்கொள்ளவில்லை. "எனக்கு அதுதான் புடிச்சது. ஆறு மணி நேரம் ஒருத்தனும் ஹாரன் அடிக்கல" என்கிறார். நெடுஞ்சாலை ஓரத்து வீட்டில் முப்பது வருஷம் குடித்தனம் பண்ணியவர் பேச்சு இது, என்னால் மறுக்க முடியவில்லை. ஆறு மணி நேரமெல்லாம் கிடையாது, ஒன்றரை மணி நேரம்தான். அவருக்கு ஆறாகத் தெரிந்திருக்கிறது. அந்த மட்டில் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பிப்ரவரி 13

சாப்பாடு. நிறைய பேர் கேட்பதால் ஒரே இடத்தில் சொல்லிவிடுகிறேன்.

ரோட்ஹவுஸ் என்று நூறு, இருநூறு கிலோமீட்டருக்கு ஒன்று. பெட்ரோல் பங்க், கடை, ரூம், சாப்பாடு, பஞ்சர் எல்லாம் ஒரே கூரையின் கீழ். அதைத் தவிர அங்கே ஊர் என்று ஒன்று கிடையாது, பேர் மட்டும் வரைபடத்தில் ஊர் மாதிரி இருக்கும். மட்டன், மாடு, உருளைக்கிழங்கு வறுவல், முட்டை. சுத்த சைவமென்றால் வறுவலே கதி.

நாங்கள் சிடுனாவில் அடுப்படியோடு கூடிய கேபின் எடுத்தோம். அடிலெய்டு இந்தியக் கடையில் ராகி மாவு கிடைக்கிறது. வீட்டுக்காரம்மா மரக்கரண்டியைத் திருப்பிப் பிடித்துக் களி கிண்டினார். கட்டி தட்டியதற்குக் காரணம் அவரல்ல, அந்தக் கண்ணாடி அடுப்பு என்று இன்று வரை சாதிக்கிறார். கொள்ளுக் கடைசலுக்கு வழியில்லை, பருப்பும் ஊறுகாயும். கடல் காற்றில் சூடான களி நன்றாகவே இறங்கியது.

பிப்ரவரி 13, கொஞ்சம் கழித்து

அடுத்த நாள் மிச்சமிருந்த வெங்காயம், உருளைக்கிழங்கு, எலுமிச்சம்பழம், கறிவேப்பிலை எல்லாம் போச்சு. எல்லையில் மேற்கு ஆஸ்திரேலியா செக்போஸ்ட். பழம், காய், தேன், செடி, விதை எதுவும் உள்ளே போகாது. பழ ஈ, பூச்சி, நோய் வராமல் தடுக்கிறார்களாம். ஒரே நாட்டுக்குள் மாநிலம் விட்டு மாநிலம் போக! டிக்கியைத் திறக்கச் சொல்லி ஒரு அம்மா பொறுமையாகப் பார்த்தார். கறிவேப்பிலையை முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் தொட்டியில் போட்டார்.

எனக்கு ஜூஜூவாடி செக்போஸ்ட் ஞாபகம் வந்துவிட்டது. ஜிஎஸ்டி வருவதற்கு முன்னால், 2017 வரைக்கும், ஓசூர் எல்லையில் பேப்பரைத் தூக்கிக்கொண்டு எத்தனை ராத்திரி நின்றிருப்போம். அங்கே எங்கள் வரிசையில் மூன்றே வண்டி. மாநிலமே பூச்சிக்குப் பயந்து வேலி போட்டு வைத்திருக்கிறது. மாம்பழ மாவட்டத்துக்காரன் எனக்கு அது புரிகிறது. காயில் ஈ விழுந்தால் என்ன ஆகும் என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

பிப்ரவரி 14

பர்கூர் தம்பி: "கிழக்கே திரும்பி வரும்போதும் சோதிப்பார்களா?" சோதிப்பார்கள், சிடுனாவில். மேற்கே போகும்போது எல்லை ஊரில். எந்தப் பக்கம் போனாலும் முந்தின நாள் ராத்திரியே சமைத்துத் தீர்த்துவிடுங்கள்.

பிப்ரவரி 18

கடிகாரக் கூத்து. ஆகஸ்டில் அடிலெய்டு நம்மைவிட சரியாக நாலு மணி நேரம் முன்னால். பெர்த் இரண்டரை மணி நேரம் முன்னால். நடுவில் யூக்லா பக்கம் சில ரோட்ஹவுஸ்கள் மட்டும் தங்களுக்கென்று ஒரு நேரம் வைத்திருக்கின்றன, நம்மைவிட மூணேகால் மணி நேரம் முன்னால். முக்கால் மணி நேரத் தள்ளுபடி. ஊரில் தம்பிக்கு போன் பண்ணுகிறேன் என்று வீட்டுக்காரம்மா கிளம்பினால் மணி என்ன என்று நாலு பேரும் விரல்விட்டு எண்ணுவோம்.

அந்த யூக்லாவில் மணல் மேட்டுக்குள் புதைந்துகொண்டிருக்கிற பழைய தந்தி ஆபீஸ் இருக்கிறது, 1877இல் தொடங்கியது. அந்தக் காலத்தில் கிழக்குப் பக்கம் ஒரு மோர்ஸ் முறை, மேற்குப் பக்கம் வேறு முறை. நடுவில் தடுப்புச் சுவர். இந்தப் பக்கத்து ஆள் தந்தியை வாங்கி எழுதிப் பொந்து வழியாக அந்தப் பக்கம் நீட்டுவார், அவர் தன் முறையில் அடித்து அனுப்புவார். இப்போது கல்சுவரும் மணலும்தான் மிச்சம். பத்து நிமிடம் நடந்தால் கடல்.

பிப்ரவரி 18, இரவு

திமிங்கிலம் பற்றிக் கேட்ட அம்மாவுக்கு: ஹெட் ஆஃப் பைட் என்ற இடம், நல்லர்பார் ரோட்ஹவுஸுக்குக் கொஞ்சம் முன்னால். மே முதல் அக்டோபர் வரை குட்டி போட வருகின்றன. மரப்பலகை நடைபாதையில் நின்று குனிந்து பார்த்தால் நேர் கீழே தாயும் குட்டியும் மிதக்கின்றன. குட்டி தாய் முதுகில் ஏறப் பார்த்து வழுக்கி வழுக்கி விழுந்தது. அங்கிருந்து மேற்கே போகப் போக ஆஸ்திரேலியாவே கத்தியால் நறுக்கியது போல முடிகிறது. பண்டா செங்குத்துப் பாறைகள், 60 மீட்டரிலிருந்து 120 மீட்டர் வரை உயரம். விளிம்புக்குப் போகாதீர்கள், கீழே அரித்திருக்கும்.

மார்ச் 2

லாரிக்காரர்கள் இரண்டு மூன்று பேர் உள்ளே வந்திருப்பதால் ரோட் டிரெயின் பற்றி, அதாவது ஒரே லாரி பல டிரெய்லரை இழுத்துக்கொண்டு போகிற வண்டி.

அயர் நெடுஞ்சாலையில் 36.5 மீட்டர் நீளம் வரை விடுகிறார்கள். வடக்கே 53.5 மீட்டர் வரை. நம்மூர் டிரெய்லர் 18 மீட்டர் சொச்சம், அதுவே தொப்பூர் வளைவில் எப்படித் திணறும் என்று தெரியும். எதிரே ஒன்று வந்து தாண்டும்போது நம் காரை முதலில் அப்பால் தள்ளும், அப்புறம் உள்ளே இழுக்கும். இரண்டு கையாலும் பிடிக்க வேண்டும். முந்துவதற்கு ஒரு கிலோமீட்டருக்கு மேல் வெறும் ரோடு தெரிய வேண்டும். அது தெரிகிற ரோடுதான், ஆனாலும் மனசு வராது.

ரோட்ஹவுஸ் ஒன்றில் அப்படி ஒரு வண்டியிலிருந்து இறங்கியவர் தலைப்பாகை கட்டின சர்தார். ஜலந்தர்க்காரர். எனக்கு இந்தி லைன் ஓட்டிய காலத்து இந்தி. "கஹான் ஸே?" என்று ஆரம்பித்தது, மகள் வந்து இழுத்துப்போகிற வரைக்கும் பேசினோம். அவர் காட்டிய சாமான்களில் எனக்குப் பிடித்தது டைரி. வேலை நேர டைரி. 24 மணி நேரத்தில் 12 மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது, தொடர்ந்து ஏழு மணி நேரம் வண்டியை நிறுத்தி ஓய்வெடுக்க வேண்டும், ஐந்தேகால் மணி நேர வேலைக்குக் குறைந்தது கால் மணி நேர இடைவேளை. தெற்கு ஆஸ்திரேலியா வரைக்கும் இந்தக் கணக்கு. மேற்கு ஆஸ்திரேலியா தனிச் சட்டம் வைத்திருக்கிறது, எல்லை தாண்டினால் அதன் கணக்கு. சும்மா எழுதி வைப்பதல்ல, நிறுத்தி சோதிப்பார்கள், அபராதம் எகிறும். அவர் தூங்குகிற பெட்டிக்குள் மெத்தை, பிரிட்ஜ், ரொட்டி டப்பா.

நம் நாட்டில் சட்டம் இல்லையா? இருக்கிறது. 1961இலேயே மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று சொல்லிவிட்டது. அந்தச் சட்டத்தைப் படித்த லாரி ஓனர் எத்தனை பேர், படித்த டிரைவர் எத்தனை பேர்.

மார்ச் 3

"நீங்களே ஓனர்தானே, உங்கள் டிரைவருக்கு 8 மணி நேரம் தருகிறீர்களா?" என்று ஒருவர் சுருக்கென்று கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. ஒரு டிரைவரை வைத்து 8 மணி நேரக் கணக்கில் ஓட்டினால் இன்றைய வாடகைக்கு டியூ கட்ட முடியாது. ஹார்பர் டிரிப்புக்கு இரண்டு டிரைவர் போடுகிறேன். முன்பு ஒரு டிரைவர், ஒரு கிளீனர். ஆஸ்திரேலியா போய் வந்துதான் மாற்றினேன் என்று கதை விட மாட்டேன், அதற்கு முன்பே கொரோனாவுக்குப் பிறகு மாற்றியது. ஆனால் டைரி வைக்கச் சொன்னது திரும்பி வந்த பிறகுதான். எங்கள் பையன்கள் எழுதுகிறார்கள். சனிக்கிழமை உட்கார்ந்து ஒரு வாரத்தையும் ஒரே பேனாவில் எழுதுகிறார்கள்.

மார்ச் 3, இரவு

கங்காரு கேட்டவருக்குச் சின்னதாக: உயிரோடு பார்த்ததைவிட ரோட்டோரம் செத்துக் கிடந்தது அதிகம். விடியலிலும் அந்தியிலும் ரோட்டுக்கு வரும். நாங்கள் வாடகைக்கு எடுத்த காரின் ஒப்பந்தத்தில் ஊருக்கு வெளியே இருட்டில் ஓட்டினால் இன்சூரன்ஸ் கிடையாது என்று போட்டிருந்தது. செத்ததைத் தின்ன பெரிய கழுகு உட்கார்ந்திருக்கும். அது காருக்கெல்லாம் பயப்படாது. தின்றுவிட்டு வயிறு கனத்து, ரொம்ப பக்கத்தில் வந்த பிறகுதான் றெக்கையை விரிக்கும், அதுவும் நம் பக்கமாகவே எழும்பும். பார்த்த உடனே வேகத்தைக் குறையுங்கள். கண்ணாடியில் கல் தெறித்ததற்கு அந்த வாடகைக் கம்பெனி தீட்டிய பில் தனிக் கதை, அதைக் கேட்டால் பிளைட்டிலேயே போய்விடுவீர்கள்.

மார்ச் 10

இவ்வளவு எழுதியும் எனக்கு முக்கியமானதை எழுதவில்லை. குழாய்.

நார்ஸ்மனிலிருந்து வடக்கே கூல்கார்டி போய் அங்கிருந்து மேற்கே திரும்பினால் ரோட்டை ஒட்டியே ஒரு இரும்புக் குழாய் கூட வருகிறது. மணிக்கணக்காக வருகிறது. பெர்த் பக்கத்தில் மண்டேரிங் அணையில் தேக்கின தண்ணீரை 530 கிலோமீட்டருக்கும் மேல் உள்ளே, கல்கூர்லி தங்கச் சுரங்கத்துக்கு மேட்டில் ஏற்றிக் கொண்டுபோகிற குழாய். 1903இல் திறந்தது. எட்டு இடத்தில் நீராவி பம்பு வைத்துத் தள்ளினார்கள். ரிவெட் ஆணி அடிக்காமல், நீளவாக்கில் பட்டை கொடுத்து இறுக்கின குழாய் அது. ரிவெட் இருந்தால் கசியும். இப்போதும் அந்த வழியாகத்தான் தண்ணீர் போகிறது.

ஓரிடத்தில் காரை நிறுத்தச் சொன்னேன். இடுப்பு உயரம், வெயிலில் லேசான சூடு. காதை வைத்துக் கேட்டேன். ஒன்றும் கேட்கவில்லை. வீட்டுக்காரம்மா வந்து கையை வைத்துக்கொண்டு நின்றார். அவர் பென்னாகரம் பக்கம் பிறந்தவர். காவிரி ஒகேனக்கல்லில் கொட்டுகிறது, கூப்பிடு தூரம். அவர் ஊரில் குடித்ததெல்லாம் போர் தண்ணீர். ப்ளோரைடு. அந்த ஊரில் அவர் வயதுக்காரர்கள் சிரித்தால் பல்லில் பழுப்புக் கறை தெரியும், முட்டி வலியும் அந்த தண்ணீரால்தான் என்பார் அவர். அவர் அண்ணனுக்கு முதுகு நிமிராது. தர்மபுரி, கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நமக்கு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது 2013இல்.

"நூத்தி இருவது வருசத்துக்கு முன்னாலயே தங்கம் தோண்டறவனுக்கு ஐநூறு கிலோமீட்டர் கொண்டுபோய்க் கொடுத்துருக்கான்" என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை. மகள் போட்டோ எடுக்கக் கூப்பிட்டாள், வரவில்லை.

மார்ச் 11

ஒரு நண்பர்: "அந்தக் குழாயைப் போட்ட இன்ஜினியர், திறந்தபோது தண்ணீர் வரவில்லை என்று தற்கொலை செய்துகொண்டார் என்று படித்திருக்கிறேன்."

அந்தக் கதை அங்கேயும் சொல்கிறார்கள். அது தப்பு. சி. ஒய். ஓ'கானர் இறந்தது 1902 மார்ச்சில், தண்ணீர் திறந்தது 1903 ஜனவரியில். திறப்பதற்கு முன்பே போய்விட்டார். பணம் விரயம், மேட்டில் தண்ணீர் ஏறாது, ஊழல் என்று பத்திரிகைகளும் அரசியல்வாதிகளும் திட்டித் தீர்த்தார்கள். ஒரு காலையில் குதிரையில் கடலுக்குள் இறங்கிச் சுட்டுக்கொண்டார். அவர் போட்ட கணக்கு சரியாக இருந்தது, தண்ணீரும் ஏறியது. தோற்றுப்போய்ச் செத்தார் என்று கதை கட்டினால் கேட்க நன்றாக இருக்கிறது போல.

மார்ச் 11, இரவு

பிப்ரவரி 4இல் "ஏற்பாட்டைப் பார்க்கப் போங்கள்" என்று எழுதியதை இப்போது படித்தால் கொஞ்சம் அதிகப்படியாக மெச்சிவிட்டேனோ என்று படுகிறது. ஏற்பாடு யாருக்கு என்று ஒரு கேள்வி இருக்கிறது. தங்கம் இருந்த இடத்துக்குக் குழாய் போயிற்று. அந்தச் சமவெளியில் ஆயிரக்கணக்கான வருஷம் பாறைக் குழித் தண்ணீரை நம்பி நடந்த பழங்குடிகளுக்காக யாரும் போடவில்லை. ஒகேனக்கல் தண்ணீர் எங்கள் மாமியார் வீட்டுத் தெருவுக்கு வந்தது, தங்கம் எதுவும் இல்லாத தெரு. தாமதமாக வந்தது, அது வேறு பஞ்சாயத்து. இரண்டையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது என்று இப்போது தோன்றுகிறது. வீட்டுக்காரம்மா வைப்பார், அவருக்கு உரிமை உண்டு.

மார்ச் 17

கிரானைட்காரர்கள் கேட்ட வேவ் ராக். மெரெடின் ஊரிலிருந்து தெற்கே இறங்கி ஹைடன் என்ற ஊர். 15 மீட்டர் உயரம், 110 மீட்டர் நீளம், அலை எழும்பி அப்படியே உறைந்த மாதிரி பாறை. 260 கோடி வருஷத்துக்கு மேலான கல். நம் கிருஷ்ணகிரிப் பாறையும் சுமார் 250 கோடி வருஷம், ஏறக்குறைய ஒரே வயதுக் கல்.

காற்று அரித்து இப்படி ஆனது என்று ஒருவர் எழுதியிருக்கிறார். மண்ணுக்குள் இருந்தபோதே அடிப்பகுதி ஈரத்தில் இளகி, பிறகு மேல் மண் போனதும் இந்த வளைவு வெளியே தெரிந்தது என்கிறார்கள். குவாரியில் மேல்மண் எடுக்கும்போது உருண்டைப் பாறைக்குக் கீழே உதிர்கல் வருகிறதே, அதே சங்கதி. மேலிருந்து கீழே இறங்குகிற கறுப்பு, காவிக் கோடுகள் தண்ணீர் வழிந்த தடம்.

எல்லாரும் கீழே அலையில் சறுக்குகிற மாதிரி நின்று போட்டோ எடுத்தார்கள். நான் மேலே ஏறினேன். பாறை விளிம்பில் முழங்கால் உயரத்துக்குச் சிமெண்ட் சுவர். பாறையில் விழுகிற மழையை ஒரு சொட்டு விடாமல் மடக்கி அணைக்குக் கொண்டுபோக அந்தக் காலத்திலேயே கட்டியது. போட்டோவில் அந்தச் சுவர் வராமல் எடுக்கிறார்கள். எனக்கு அலையைவிட அதுதான் பிடித்தது.

நானூறு பிளாக்காவது தேறும் என்று என்னையறியாமல் கணக்குப் போட்டேன். கிராக் இல்லை, கலர் சுமார். நம் பாரடைசோ கிரானைட் கிட்டே நிற்காது. மகளிடம் சொன்னேன், "அப்பா, சத்தமாகச் சொல்லாதீங்க" என்றாள்.

மார்ச் 24

பர்கூர் தம்பி டிக்கெட் போட்டுவிட்டாராம், நல்லது. கேட்டதற்குப் பதில்: நம் ஊர் லைசென்ஸில் இங்கிலீஷ் இருப்பதால் வந்து போகிறவர்கள் அதிலேயே ஓட்டலாம். அப்பா ஓட்டுவதாக இருந்தால் ஆர்டிஓவில் 1,000 ரூபாய் கட்டி சர்வதேச பெர்மிட்டும் எடுத்து வரச் சொல்லுங்கள், ஒரு வருஷம் செல்லும், வாடகைக் கார்க்காரர் வாய் அடைபடும். இடது பக்கம்தான், நம்மூர் போலவே. டாங்க் பாதியானதும் நிரப்புங்கள், அடுத்த பங்க் இருநூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கும், விலையும் நகரத்தைவிட நன்றாகவே கூட. தண்ணீர் கேன் ஏற்றுங்கள். டெல்ஸ்ட்ரா சிம் போடுங்கள், அதுவும் ரோட்ஹவுஸ் பக்கத்தில்தான் எடுக்கும்.

பல்லடோனியாவில் டீ குடிக்க நிறுத்தினால் உள்ளே உள்ள சின்ன மியூசியத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். 1979இல் நாசாவின் ஸ்கைலேப் விண்வெளி நிலையம் உடைந்து விழுந்தது அந்தப் பக்கம்தான். எஸ்பரன்ஸ் ஊராட்சி, குப்பை போட்டதற்காக நாசாவுக்கு 400 டாலர் அபராதம் எழுதிற்று. நம்மூரில் அப்போது ஸ்கைலேப் தலையில் விழும் என்று ஆட்டை அடித்துத் தின்று தீர்த்தவர்களை எனக்குத் தெரியும்.

மார்ச் 25

எங்கள் டிரைவர் ஒருவர் போட்டோவைப் பார்த்துவிட்டுக் கேட்டது: "ஓனரே, இவ்வளவு நீள வண்டியை ரிவர்ஸ் எப்படி எடுப்பான்?" இதையே நான் அந்தச் சர்தாரிடம் கேட்டேன். எடுக்க மாட்டார்கள். ரிவர்ஸ் வராத மாதிரியே வழியைப் பார்த்து நிறுத்துவார்கள். பெர்த் நகரத்துக்குள் முழு வண்டி வராது, நார்தம் ஊரிலேயே ஒரு மைதானத்தில் டிரெய்லரைக் கழற்றி வைத்துவிட்டு ஒன்று ஒன்றாக இழுத்துப்போவார்கள். எங்கள் டிரைவருக்குத் திருப்தியில்லை. "இரண்டு டிரெய்லர்தானே, நான் எடுப்பேன்" என்கிறார். எடுத்தாலும் எடுப்பார், சூளகிரியில் குவாரிச் சந்துக்குள் அவர் வண்டி திருப்புவதைப் பார்த்திருக்கிறேன்.